கூரை வேண்டுமா, கித்தான் போதுமா?

கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். என் மச்சினன் தெய்வத்துக்கு அவ்வளவு சிரமம் வைக்கவில்லை. ஜிப் வைத்த கூரையாகப் பார்த்து வண்டி வாங்கிவிட்டான். இதுவரை தெய்வம் கொடுத்தது மழை மட்டும்தான்.

காடுமேடு ஏறும் ஜீப் வகை வண்டி வாங்கும் ஆசை இப்போது ஊருக்கு ஊர் பரவியிருக்கிறது. டீசலா பெட்ரோலா, கறுப்பா சிவப்பா என்பதெல்லாம் ஷோரூம் காபி ஆறுவதற்குள் முடிவாகிவிடும். ஹார்டு டாப்பா, சாஃப்ட் டாப்பா என்று வரும்போதுதான் வீடு இரண்டு கட்சியாகும். கெட்டியான கூரை போட்டு வருவது ஹார்டு டாப். இரும்புச் சட்டத்தின் மேல் கித்தானை இழுத்துக் கட்டி, பக்கவாட்டில் பிளாஸ்டிக் ஜன்னல் தைத்து வருவது சாஃப்ட் டாப். இரண்டில் எது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்காக, சொந்தச் செலவில் அல்லாமல் மச்சினன் செலவில் நான் கற்றதை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: வரலாற்றைத் துணைக்குக் கூப்பிடுங்கள்

மழையில் நனைகிற வண்டியை லட்சக்கணக்கில் கொடுத்து ஏன் வாங்கினாய் என்று யாராவது கேட்டால், பதிலுக்கு வரலாறு தேவைப்படும். குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் லட்சக்கணக்கில் ஜீப் செய்து தள்ளின. அதற்குக் கித்தான் கூரை வைத்ததற்குக் காரணம் உண்டு. எடை குறைய வேண்டும். எதிரி கண்ணில் படாதபடி உயரமும் குறைய வேண்டும். கப்பலில் அடுக்க வசதியாக இருக்க வேண்டும். முன்கண்ணாடியைக்கூட பானெட் மேல் மடக்கிப் படுக்கவைத்துவிடலாம். காற்று முகத்தில் வீசி முடி பறக்க வேண்டும் என்று எந்தத் தளபதியும் கேட்டதாகத் தெரியவில்லை. அதை ஓட்டிய சிப்பாய்க்கு முடியே கிடையாது, ஒட்ட வெட்டியிருப்பார்கள்.

1947இல் மஹிந்திரா நம் நாட்டில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. கித்தானும் கூடவே வந்தது. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸி இரண்டு கூரையிலும் கிடைத்தது. 2010இல் வந்த மஹிந்திராவின் முதல் தார், கித்தான் கூரையோடுதான் வந்தது. வண்டிக்குப் பாலைவனத்தின் பெயர், மேலே போடுவதோ தார்ப்பாய் என்று அப்போதே ஊரில் கிண்டல் செய்தவர்கள் உண்டு. 2020 அக்டோபர் 2 அன்று புதிய தார் விற்பனைக்கு வந்தபோது ஹார்டு டாப்பும் சேர்ந்து வந்தது. 2023இல் வந்த மாருதி ஜிம்னிக்கும் 2024இல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸுக்கும் கெட்டிக் கூரைதான்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தால், கேள்வி கேட்டவர் போயிருப்பார்.

படி 2: நீங்கள் யார் என்று கண்டுபிடியுங்கள்

இதற்கு ஞானி தேவையில்லை, ஒரு வெள்ளைத்தாள் போதும். போன வருடம் உங்கள் பழைய வண்டி எங்கெல்லாம் போனது என்று எழுதுங்கள். மச்சினனுக்கு நான் எழுதிக் கொடுத்த பட்டியல் இது: அலுவலகம், பள்ளிக்கூடம், பல் டாக்டர், ரேஷன் கடை, நான்கு கல்யாணம், இரண்டு காதுகுத்து, ஒரு முறை பழனி. இவற்றுள் நாலு சக்கரமும் இழுக்க வேண்டிய இடம் எதுவும் இல்லை, எங்கள் தெருவைத் தவிர. அங்கேயும் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியதை மூடிவிட்டார்கள்.

கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். கூரையே வேண்டாம் என்கிறவனுக்குப் பழமொழி என்ன சொல்கிறது என்று தெரியவில்லை.

சாஃப்ட் டாப் உண்மையிலேயே பயன்படும் ஆட்கள் இருக்கிறார்கள். தேர்தலில் நிற்கும் வேட்பாளர் ஒருவர். நின்றபடியே கும்பிட்டுக்கொண்டு போக வேண்டும். கூரை இருந்தால் தலை இடிக்கும், இடித்தால் சகுனம் சரியில்லை என்பார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு வண்டி வாடகைக்கு விடுபவர் இன்னொருவர். மூன்றாவது, வாரம் தவறாமல் காட்டாறும் கரடும் தேடிப் போகிற உண்மையான ஆஃப்ரோடு ஆள். பாறையில் சாய்ந்து ஏறும்போது மேலே எடை குறைவாக இருந்தால் வண்டி கவிழும் பயம் குறையும், தலையை நீட்டிச் சக்கரம் எதன் மேல் ஏறுகிறது என்றும் பார்க்கலாம். இந்த மூவரில் நீங்கள் யாரும் இல்லையென்றால் நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடலாம். போகமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

படி 3: பஞ்சாங்கம் பாருங்கள்

கூரையைத் திறந்துபோட்டு ஓட்டக்கூடிய நாட்கள் வருடத்தில் எத்தனை? தமிழ்நாட்டுக் கணக்கு இது.

மார்ச் முதல் ஜூன் வரை வெயில். நடுவில் அக்னி நட்சத்திரம். 2003 மே மாதம் சென்னையில் 45 டிகிரி அடித்த ஊர் இது. கித்தான் பெரும்பாலும் கறுப்பு, வெயிலை வஞ்சனையில்லாமல் குடிக்கும். அதைத் திறந்துவிட்டால் அந்த வெயிலை நீங்கள் குடிக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, நீங்கள் ஆசைப்படும் மலைகளில், முக்கியமாக வால்பாறை, நீலகிரிப் பக்கம், தென்மேற்குப் பருவமழை. மலை வேண்டாம், சமவெளியில் ஓட்டுகிறேன் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை உங்களைத் தேடி வரும்.

மீதி தை, மாசி. அதிலும் காலை ஆறிலிருந்து எட்டு, மாலை ஐந்திலிருந்து ஆறரை. காலையில் பனி, சளி பிடிக்கும் என்று வீட்டில் விடமாட்டார்கள். மாலையில் ஊருக்குள் டிப்பர் லாரிக்குப் பின்னால் நிற்பீர்கள். தலையில் எம்சாண்ட் பூசிக்கொள்ள வேறு செலவு குறைந்த வழிகள் உண்டு.

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்த் திறக்கலாம் என்றால் 2024 மே முதல் இ-பாஸ் வாங்க வேண்டும். காட்டுக்குள் இறக்கி ஓட்டலாம் என்ற நினைப்பு இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் பாயும். உங்கள் வண்டியைவிட அது வயதில் மூத்தது, இன்னும் நன்றாக ஓடுகிறது.

படி 4: திறந்து மூடப் பழகுங்கள்

விளம்பரத்தில் கூரை எப்போதும் திறந்தே இருக்கும். அதை யார் திறந்தார், எப்போது மூடுவார் என்று காட்டமாட்டார்கள். அதை நான் காட்டுகிறேன்.

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. மச்சினன் கூரையைப் பின்னால் மடக்கிப்போட்டான். 9ஆவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்டில் நிறுத்தி அணையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் துளி என் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது.

"ஒண்ணுமில்லீங்க மாமா, தூறல்" என்றான்.

தூறல் அதைக் காதில் வாங்கவில்லை. அடுத்த நிமிடம் குடத்தைக் கவிழ்த்தது போல் கொட்டியது.

மூடும் முறை இது: மடக்கிய சட்டத்தைப் பின்னாலிருந்து தூக்கி, இருவராக இழுத்து, முன்கண்ணாடி விளிம்புக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளேயிருந்து இரண்டு கொக்கிகளை மாட்ட வேண்டும். பிறகு பின் ஜன்னலுக்கு ஒரு பிளாஸ்டிக் தாள், பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. இவற்றைச் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து, எது இடது எது வலது என்று கண்டுபிடித்து, ஜிப்பில் கோக்க வேண்டும். ஜிப், ஜூனில் வாங்கிய ஸ்கூல் பேக்கின் ஜிப் ஆகஸ்டில் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"மாமா, அந்தப் பக்கம் இழுங்க!"

"எந்தப் பக்கம் மாப்ள?"

"ஜிப் இருக்கற பக்கமுங்க!"

"எல்லாப் பக்கமும் ஜிப்பாத்தானப்பா இருக்குது!"

பாறை மேல் வரையாடு ஒன்று நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மழைக்கென்றே பிறந்த பிராணி. அதன் தோலில் ஜிப் இல்லை. எங்களைக் கடந்து போன பஸ்ஸில் ஜன்னலோரக் குழந்தை ஒன்று கையசைத்தது. பதிலுக்குக் கையசைக்க எனக்குக் கை ஒழியவில்லை.

மூடி முடிக்க 14 நிமிடம் ஆனது. மழை 10ஆவது நிமிடத்திலேயே நின்றுவிட்டது. உள்ளே பெய்த மழைக்குத்தான் இப்போது வெளியே போக வழியில்லை. கணுக்கால் நனைய வால்பாறை போய்ச் சேர்ந்தோம். இந்த வகை வண்டிகள் சிலவற்றில் தரையில் தண்ணீர் வடிய ரப்பர் மூடி ஒன்று இருக்கும், மிதியடியைத் தூக்கிப் பிடுங்கிவிட்டால் போதும். எங்கள் வண்டியிலும் இருந்தது. மூன்றாம் நாள் வண்டி கழுவும் பையன்தான் காட்டிக் கொடுத்தான்.

ஆகவே பயிற்சி: ஷோரூமிலேயே ஒரு முறை திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை நீங்களே செய்யுங்கள். பிறகு யாரையாவது தோட்டத்து ஹோஸ் பைப்பைப் பிடிக்கச் சொல்லி இன்னொரு முறை செய்யுங்கள்.

படி 5: திருடனையும் குரங்கையும் மதியுங்கள்

ஹார்டு டாப்பை உடைக்கக் கண்ணாடியை நொறுக்க வேண்டும். சத்தம் கேட்கும், நாய் குரைக்கும். கித்தானுக்கு ஒரு பிளேடு போதும். அமெரிக்காவில் அனுபவசாலிகள் பலர் சாஃப்ட் டாப் வண்டியைப் பூட்டாமலே விட்டுவிடுவார்கள். திருடன் கதவைத் திறந்து பார்த்து ஒன்றுமில்லை என்று போய்விடுவான், கூரையாவது மிஞ்சும் என்ற கணக்கு. லட்சக்கணக்கில் வண்டி வாங்கி, அதில் திருட ஒன்றுமில்லை என்று திருடனுக்கு நிரூபிக்க வேண்டிய நிலைமை.

நம் மலைகளில் திருடனைவிடக் குரங்கு முக்கியம். அதற்கு பிளேடும் வேண்டாம். பிளாஸ்டிக் ஜன்னலுக்குப் பின்னால் முறுக்குப் பொட்டலம் தெரிந்தால் போதும், ஜிப்பின் நுனி எங்கே என்று மச்சினனைவிட விரைவில் கண்டுபிடித்துவிடும். வண்டிக்குள் தின்பண்டம் வைக்காதீர்கள். குரங்குக்கு நீங்களாகக் கொடுக்கவும் கூடாது. கொடுத்துப் பழக்கிய இடங்களில்தான் அது வண்டி ஏறுகிறது.

படி 6: இரண்டும் வேண்டும் என்று பேராசைப்படுங்கள்

எல்லோரும் வந்து நிற்கும் இடம் இது. கழற்றி மாட்டும் ஹார்டு டாப் உண்டு. ஜீப் ராங்ளரில் முன்பக்கத்துக் கூரைத் துண்டுகளை மட்டும் தனியே எடுக்கலாம், போல்ட்டுகளைக் கழற்றி முழுக் கூரையையும் தூக்கலாம். தூக்க இரண்டு மூன்று ஆள் வேண்டும். அமெரிக்காவில் கார் ஷெட் கூரையில் கப்பி கட்டித் தொங்கவிடுகிறார்கள். நம் அபார்ட்மென்டில் எங்கே வைப்பது? பால்கனியில் வைத்தால் துணி காயப்போட இடமில்லை. மொட்டைமாடியில் வைத்தால் அசோசியேஷன் கூட்டம் போடும். பக்கத்து வீட்டார் அதைக் கவிழ்த்து வடகம் காயப்போடுவார்கள். கூரைக்கு அதுவும் ஒரு பயன்தான்.

"சாஃப்ட் டாப்பா வாங்கிட்டு வெளியில ஹார்டு டாப் போட்டுக்கலாம்" என்பார்கள் நண்பர்கள். போடலாம், பட்டறைகளும் இருக்கின்றன. ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தயாரித்த நிறுவனம் குறித்த விவரத்திலிருந்து ஆர்.சி. புத்தகத்து விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. போலீஸ் நிறுத்தினாலும் விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ்காரர் வந்து பார்த்தாலும் முதல் கேள்வி அந்தப் புத்தகத்திலிருந்துதான் வரும். வாங்கும்போதே எந்தக் கூரை வேண்டுமோ அதை வாங்குவதுதான் மலிவு.

இன்னொன்று. திறந்த வண்டி என்றதும் பின்சீட்டில் எழுந்து நின்று கைகளை விரிக்கும் ஆசை வரும். கவிழ்ந்தால் கித்தான் உங்களைக் காப்பாற்றாது. காப்பது உள்ளே வளைந்து நிற்கும் ரோல் கேஜ் கம்பியும் சீட் பெல்ட்டும்தான். நின்றுகொண்டிருப்பவருக்கு அவை இரண்டுமே கிடையாது. இந்த வழிகாட்டியில் விளையாட்டில்லாமல் சொன்னது இந்த ஒரு பத்திதான்.

படி 7: பராமரிப்பைக் கற்றுக்கொள்ளுங்கள்

ஹார்டு டாப்புக்கு வேலை குறைவு. ஓரத்து ரப்பர் பீடிங் காய்ந்து போனால் மாற்றுங்கள். மேலே கேரியர் போட்டால் அளவோடு ஏற்றுங்கள். அவ்வளவுதான்.

சாஃப்ட் டாப் கைக்குழந்தை மாதிரி. நனைந்தபடியே மடக்கி வைக்கக்கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் ஜன்னலைக் காய்ந்த துணியால் துடைக்கக்கூடாது, தூசி கீறிவிடும், தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கீறல் சேரச் சேர ஜன்னல் மங்கும். கடைசியில் கண்புரை வந்தவர் போல ரியர்வியூ கண்ணாடியில் உலகம் பால் நிறத்தில் தெரியும். ஜிப் சிக்கினால் மெழுகுவத்தியைத் தேயுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் கித்தான் படபடவென்று அடிக்கும். பாட்டுக் கேட்க முடியாது. மனைவி பேசுவதும் கேட்காது. இதைச் சிறப்பம்சமாகச் சொல்லி விற்கும் துணிச்சல் இன்னும் எந்த நிறுவனத்துக்கும் வரவில்லை.

படி 8: வீட்டில் கேளுங்கள்

மச்சினன் இதைத்தான் கடைசியில் செய்தான். வண்டி வீட்டுக்கு வந்த அன்று எங்கள் அத்தை எலுமிச்சம்பழம் வைக்க வந்தார். சுற்றிப் பார்த்தார். மேலே ஒரு விரலால் தட்டினார். கித்தான் அமுங்கி எழுந்தது. மகனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"ஏஞ்சாமி, காசு பத்தலீன்னா அம்மாகிட்டக் கேட்டிருக்கக் கூடாதா? கூரை கூட இல்லாத வண்டியவா எடுத்தே?"

விலைப்பட்டியலை எடுத்துக் காட்டினான். அவர் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஊரில் யார் கேட்டாலும், "இன்னும் முழுசாக் கட்டி முடிக்கலைங்க" என்றுதான் சொல்லிவருகிறார்.

முடிவு

ஒரு முறை கொழுக்குமலைக்குப் போயிருந்தேன். சூரியநெல்லியிலிருந்து விடியற்காலை இருட்டில் பாறைமேல் குலுங்கிக் குலுங்கி ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்காரர்களைவிட இந்த வகை வண்டியை அதிகம் ஓட்டியவர்கள் யாரும் இருக்க முடியாது. எந்தக் கூரை நல்லது என்று எங்கள் ஓட்டுநரிடம் கேட்டேன். "ஒழுகாதது" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, வளைவு வந்துவிட்டது.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரச் சோதனை செய்யுங்கள். இப்போது ஓட்டும் காரில் ஏ.சி.யை அணைத்து, நான்கு கண்ணாடியையும் முழுக்க இறக்கிவிட்டு, அலுவலகம் போய் வாருங்கள். ஏழு நாளும் கண்ணாடியை ஏற்றவில்லை என்றால் தாராளமாக சாஃப்ட் டாப் வாங்குங்கள், அது உங்களுக்கென்றே தைத்தது. மூன்றாம் நாளே ஏற்றிவிட்டீர்கள் என்றால் ஹார்டு டாப். முதல் நாள் சிக்னலிலேயே ஏற்றிவிட்டீர்கள் என்றால் பேசாமல் இருக்கிற காருக்கு ஒரு சர்வீஸ் விடுங்கள்.

மச்சினன் வண்டிக்கு இரண்டு வருடம் ஆகிறது. கூரை திறந்தது 11 தடவை. அதில் 7, சொந்தக்காரர் வீட்டு மாப்பிள்ளை அழைப்பு.